பருப்பு இறக்குமதித் தளர்வு: எந்த விதி தளர்கிறது, எந்தத் தேதி செல்லும்?

துவரம் பருப்பு விலை ஏறும்போதெல்லாம் 'இறக்குமதி விதிகளை மத்திய அரசு தளர்த்தியது' என்று ஒரு வரிச் செய்தி வரும். மறுநாளே மளிகைக் கடையில் விலை இறங்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அந்த ஒரு வரிக்குள் நான்கு வெவ்வேறு விதிகள் இருக்கின்றன: இறக்குமதிக் கொள்கை, சுங்க வரி, தாவர நோய்த்தடுப்பு விதி, அளவு மற்றும் துறைமுகக் கட்டுப்பாடு. ஒன்றைத் திறந்து மற்றொன்றை மூடி வைத்தால் சரக்கு வராது. எது திறந்தது, எந்தத் தேதி வரை என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

முதலாவது, கொள்கை. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் (டி.ஜி.எஃப்.டி.) ஒவ்வொரு பொருளையும் 'தடையற்றது', 'கட்டுப்படுத்தப்பட்டது', 'தடை செய்யப்பட்டது' என்று வகைப்படுத்துகிறது. அரசு நிறுவனம் வழியாக மட்டுமே வரலாம் என்ற வகையும் உண்டு. கட்டுப்படுத்தப்பட்ட பொருளுக்கு உரிமம் வேண்டும். உரிமம் கிடைத்தாலும் ஒதுக்கீட்டு அளவுக்குத்தான் கொண்டுவர முடியும். 2017-இல் உள்நாட்டு விளைச்சல் பெருகி விலை சரிந்தபோது, அந்த ஆகஸ்டில் துவரைக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன், உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன் என்று உச்சவரம்பு போட்டார்கள். 2021 மே 15 அன்று மூன்றையும் 'தடையற்றது' பட்டியலுக்கு மாற்றினார்கள். பாசிப்பயறு 2022 பிப்ரவரியில் மறுபடியும் கட்டுப்பாட்டுக்குள் போனது. துவரைக்கும் உளுந்துக்கும் சலுகை தவணை தவணையாக நீண்டு 2026 மார்ச் 31 வரை வந்தது.

இரண்டாவது, வரி. இது டி.ஜி.எஃப்.டி.யின் கையில் இல்லை. சுங்கச் சட்டத்தின் 25-ஆவது பிரிவின் கீழ் நிதியமைச்சகம் தனி அறிவிக்கை வெளியிட வேண்டும். முழுத் துவரைக்கு இருந்த 10 சதவீத அடிப்படைச் சுங்க வரி 2023 மார்ச் 4 முதல் நீக்கப்பட்டது. கொள்கை 'தடையற்றது' ஆகி ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழித்துத்தான் வரி போனது என்பதைக் கவனியுங்கள்.

வரி நீங்கினால் எவ்வளவு மிச்சம்? டன் ஒரு லட்சம் ரூபாய்க்கு முழுத் துவரை வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீதம் என்றால் கிலோவுக்கு 10 ரூபாய். 100 கிலோ துவரையை உடைத்தால் ஏறக்குறைய 70 முதல் 75 கிலோ பருப்புதான் தேறும். மீதி தோல், நொய், தூள். ஆகவே பருப்பாகக் கணக்கிட்டால் கிலோவுக்கு 13, 14 ரூபாய். தாளில் இது பெரிய தொகை. ஆனால் உலகில் துவரையை இந்த அளவுக்கு வாங்கும் நாடு இந்தியாதான் என்பது விற்பவனுக்கும் தெரியும். இங்கே வரி நீங்கிய சேதி மியான்மரின் வணிக நகரமான யாங்கோனுக்குப் போய்ச் சேர்ந்ததும் டாலர் விலை கொஞ்சம் ஏறும். வரிச் சலுகையில் ஒரு பங்கு அங்கேயே தங்கிவிடும்.

இதே வரித் தளர்வு சமையல் எண்ணெயில் வேறு மாதிரி. கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு 2025 மே கடைசியில் அடிப்படை வரி 20-இலிருந்து 10 சதவீதமாகக் குறைந்தது. இதோடு விவசாய உள்கட்டமைப்பு செஸ் (மேல்வரி) 5 சதவீதம். இரண்டின் கூட்டுத்தொகைமீது சமூகநலக் கூடுதல் வரி 10 சதவீதம். 15-உம் 1.5-உம் சேர்த்து 16.5 சதவீதம், முன்பு இது 27.5. சுத்திகரித்த எண்ணெய்க்கு 35.75 சதவீதத்தை அப்படியே விட்டார்கள். இடைவெளி 19.25 புள்ளியாக விரிந்ததால் கச்சா எண்ணெயைக் கொண்டுவந்து இங்கே சுத்திகரிப்பதே கட்டுப்படியாகும். விலையைக் குறைப்பதோடு உள்ளூர் ஆலைகளைக் காப்பதும் அந்த அறிவிக்கையின் நோக்கம்.

மூன்றாவதைத்தான் செய்திகள் கண்டுகொள்வதே இல்லை: 2003-ஆம் ஆண்டின் தாவர நோய்த்தடுப்பு ஆணை. ஏற்றுமதி செய்யும் நாட்டின் அரசு தரும் தாவர நலச் சான்று ('ஃபைட்டோ') இல்லாமல் பயறும் வராது, வெங்காயமும் வராது. பல பொருள்களுக்கு அங்கேயே மீத்தைல் புரோமைடு புகையூட்டி, மருந்தின் அளவு, நேரம், வெப்பநிலை எல்லாவற்றையும் சான்றில் எழுதியிருக்க வேண்டும். அந்த மருந்து குளிரில் சரியாக வேலை செய்யாது. கனடாவிலிருந்து வரும் பட்டாணிக்கும் மைசூர் பருப்புக்கும் இதனாலேயே பல ஆண்டுகள் இழுபறி நடந்தது.

இந்த விதி தளர்ந்ததற்கு நல்ல உதாரணம் 2020 வெங்காயம். அக்டோபர் 21 முதல் டிசம்பர் 15 வரை புகையூட்டல் நிபந்தனையையும் ஃபைட்டோவில் வேண்டிய கூடுதல் உறுதிமொழியையும் தளர்த்தினார்கள். பிறகு 2021 ஜனவரி 31 வரை நீட்டித்தார்கள். புகையூட்டாமல் வந்த சரக்கை இங்கே அங்கீகாரம் பெற்றவர்களை வைத்து இறக்குமதியாளரே புகையூட்ட வேண்டும். வழக்கமாக விதி மீறிய சரக்குக்கு விழும் நான்கு மடங்கு கூடுதல் ஆய்வுக் கட்டணம் கிடையாது. வெங்காய ஈயின் புழு தென்பட்டால் புகையூட்டி விடுவிப்பார்கள். கரிப்பூட்டை நோய் தென்பட்டால் அந்தக் கன்டெய்னர் திரும்பிப் போக வேண்டியதுதான். சாப்பாட்டுக்கு மட்டுமே, நடவுக்கு அல்ல என்று இறக்குமதியாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். தளர்வு என்றாலும் பூச்சி விஷயத்தில் கதவை முழுக்கத் திறக்கவில்லை. அது சரியான முடிவு; ஒரு பருவத்து விலைக்காக நிரந்தரமாக ஒரு நோயை வாங்கிக்கொள்ள முடியாது.

நான்காவது, அளவு, துறைமுகம், குறைந்தபட்ச விலை. மஞ்சள் பட்டாணிக்கு ஒரு காலத்தில் 50 சதவீத வரி, கிலோ 200 ரூபாய்க்குக் குறையாத இறக்குமதி விலை, கொல்கத்தா துறைமுகம் மட்டும் என்று மூன்று பூட்டு இருந்தது. சந்தையில் அதில் சிறு பங்குக்கு விற்கும் பொருளுக்கு 200 ரூபாய் என்றால், பெயர் சொல்லாத தடை. 2023 டிசம்பர் 8-இல் மூன்றும் நீங்கின. இணையத்தில் இறக்குமதிக் கண்காணிப்புப் பதிவு மட்டும் மிஞ்சியது. கனடாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் பட்டாணி குவிந்தது. 2025 நவம்பர் 1 முதல் 30 சதவீத வரி திரும்ப வந்தது.

நாடுகளோடு 2025-26 வரைக்குமாகச் செய்த ஒப்பந்தங்கள் தனி. மொசாம்பிக்கிலிருந்து ஆண்டுக்கு 2 லட்சம் டன் துவரை, மலாவியிலிருந்து 50,000 டன், மியான்மரிலிருந்து 1 லட்சம் டன் துவரையும் 2.5 லட்சம் டன் உளுந்தும். இந்தச் சரக்கு மும்பை, தூத்துக்குடி, சென்னை, கொல்கத்தா, ஹஜீரா ஆகிய ஐந்து துறைமுகங்களில்தான் இறங்க அனுமதி இருந்தது. உற்பத்தி நாட்டுச் சான்றும் கட்டாயமாக இருந்தது.

இனி தேதி. பணம் போவது பெரும்பாலும் இங்கேதான். கொள்கைத் தளர்வுக்குப் பொதுவாகப் பார்ப்பது பில் ஆஃப் லேடிங் தேதியை, அதாவது சரக்கு கப்பலில் ஏறிய தேதியை. 2021 மே அறிவிக்கை இதோடு நிற்காமல் இன்னொரு கெடுவும் வைத்தது: அக்டோபர் 31-க்குள் பில் ஆஃப் லேடிங், நவம்பர் 30-க்குள் சுங்க விடுவிப்பு. சுங்க வரிக்கு வேறு கணக்கு. சட்டத்தின் 15-ஆவது பிரிவுப்படி பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துக்குத் தரும் இறக்குமதி அறிவிப்பு) தாக்கல் செய்த நாள், கப்பலுக்கு நுழைவு அனுமதி கிடைத்த நாள், இவற்றில் எது பிந்தியதோ அன்றைய வரி விகிதம்தான். கப்பல் கடலில் இருக்கும்போது வரி ஏறினால், அறிவிக்கையில் தனியாக விலக்கு எழுதியிருந்தாலொழிய, ஏறிய வரியைக் கட்ட வேண்டும். சரக்கைச் சுங்கக் கிடங்கில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பதும் பலிக்காது. கிடங்கிலிருந்து வெளியே எடுக்கத் தாக்கல் செய்யும் நாளின் விகிதமே அங்கு செல்லும்.

கொள்கை திடீரென்று இறுகினால் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையின் 1.05-ஆவது பத்தி கைகொடுக்கும். அறிவிக்கைக்கு முன்பே பில் ஆஃப் லேடிங் இருந்தால் சரக்கு வரலாம். திரும்பப் பெற முடியாத கடனுறுதிக் கடிதம் (எல்.சி.) முன்பே திறந்திருந்தால், 15 நாளுக்குள் மண்டல அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். சில அறிவிக்கைகள் 'இந்தப் பத்தி பொருந்தாது' என்று கடைசி வரியில் எழுதிவிடும். கடைசி வரி வரைக்கும் படிக்காமல் எல்.சி. திறக்காதீர்கள்.

காகித வேலை பற்றிச் சுருக்கமாக. ஐ.இ.சி. எண் (இறக்குமதி-ஏற்றுமதியாளர் குறியீடு) வேண்டும், அதை ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குள் இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும், இல்லையென்றால் முடங்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மத்திய உரிமம், துறைமுகத்தில் அதன் தடையில்லாச் சான்று, தாவர நோய்த்தடுப்பு நிலையத்தின் விடுவிப்பு எல்லாம் தேவை. சரக்கு அதிகம் சிக்கும் இடம் ஃபைட்டோ. புகையூட்டிய விவரம் விடுபட்டிருக்கும், அல்லது சான்றில் உள்ள கன்டெய்னர் எண் பில் ஆஃப் லேடிங்கோடு ஒத்துப்போகாது. நகல் வாங்கிச் சரிபார்த்த பிறகு கப்பலேற்றச் சொன்னால் துறைமுக வாடகை மிச்சம்.

விலை உடனே இறங்காததற்குப் பருவமும் காரணம். ஆப்பிரிக்கத் துவரை ஆகஸ்டுக்குப் பிறகுதான் வரும். மியான்மர் அறுவடை ஆண்டின் தொடக்கத்தில். ஏப்ரலில் அறிவித்தால் ஏற்ற அங்கே சரக்கு இருக்க வேண்டுமே. 2023 கடைசியில் மொசாம்பிக் துறைமுகங்களில் துவரை தேங்கி நின்றபோது, இங்கே எல்லாக் கதவும் திறந்திருந்தும் பயனில்லை. சலுகையைக் கடைசி நேரத்தில் நீட்டிக்கும் பழக்கமும் கெடுதல்தான்: மார்ச்சுக்குப் பிறகு என்ன ஆகும் என்று தெரியாத வணிகர் ஜனவரியிலேயே கொள்முதலைக் குறைத்துவிடுவார்.

மறுபக்கம் விவசாயி. நம் துவரை அறுவடை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. அதே சமயத்தில் வரியில்லாச் சரக்கு குவிந்தால், 2025-26-க்கு அறிவித்த குவிண்டாலுக்கு 8,000 ரூபாய் ஆதரவு விலை தாளோடு நின்றுவிடும். மஞ்சள் பட்டாணி இன்னும் மோசம். கடலை மாவிலும் பருப்பிலும் கலந்து மற்ற பயறுகளின் விலையையும் சேர்த்து இழுக்கும்.

வந்த சரக்கு பதுங்காமலிருக்க இருப்பு வரம்பும் கூடவே வரும். 2023 ஜூன் 2 ஆணைப்படி துவரை, உளுந்துக்கு மொத்த வியாபாரிக்கு ஒவ்வொரு பயறுக்கும் 200 டன், சில்லறைக் கடைக்கு 5 டன். இறக்குமதியாளர் சுங்க விடுவிப்பிலிருந்து 30 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இந்த எண்கள் சில மாதத்துக்கு ஒருமுறை மாறின. இருப்பை நுகர்வோர் விவகாரத் துறையின் இணையதளத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் அந்த ஆணை சொன்னது.