மரபணுப் பரிசோதனை: ஒரே பெயரில் மூன்று சோதனைகள்

தர்மபுரிப் பக்கம் ‘டி.என்.ஏ. டெஸ்ட்’ என்றால் ஜனங்களுக்கு ஒரே அர்த்தம்தான்: பிள்ளை யாருடையது என்று கண்டுபிடிக்கிற சோதனை. செய்தித்தாள்கள் அதைத் தமிழில் ‘மரபணுப் பரிசோதனை’ என்று எழுதி எழுதி, அந்தச் சொல் போலீஸ் ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் குடியேறிவிட்டது. இப்போது அதே சொல்லை ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

பாலக்கோட்டில் எனக்குச் சொந்தமான ஒரு அக்காவுக்கு 41 வயதில் மார்பகப் புற்றுநோய். அவருடைய சித்தி சினைப்பைப் புற்றுநோயில் இறந்தவர். இரண்டையும் கேட்ட டாக்டர் ‘ஜெனிட்டிக் டெஸ்ட்’ எடுக்கச் சொல்லிச் சீட்டில் எழுதிவிட்டார். நர்ஸ் அதை ‘மரபணுப் பரிசோதனைம்மா’ என்று மொழிபெயர்த்தார். கூட இருந்த மாமியார் கேட்டது இது: “எதுக்கு அதெல்லாம்? எங்க வீட்ல கோர்ட்டு கேசா நடக்குது?” சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. அந்தச் சொல்லை அவர் எந்த அர்த்தத்தில் கேட்டுப் பழகியிருக்கிறாரோ, அந்த அர்த்தத்தில் கேள்வி சரியானதுதான்.

ஆகவே முதலில் சொல்லைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

‘மரபு’ பழைய சொல். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி இயலுக்குப் பெயரே மரபியல். அங்கே மரபு என்றால் வழிவழியாக வந்த சொல்வழக்கு. எந்த விலங்கின் இளமைக்குப் பறழ், எதற்குக் குருளை, எதற்குக் கன்று, ஆணுக்கு என்ன பெயர், பெண்ணுக்கு என்ன பெயர் என்றெல்லாம் அந்த இயல் சொல்கிறது. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுப்பதும் அதே இடத்தில்தான். இன்றைக்கு ‘ஜெனிட்டிக்ஸ்’ துறைக்கு நாம் வைத்திருக்கும் பெயரும் மரபியல். குட்டியையும் கன்றையும் ஆணையும் பெண்ணையும் பேசிய இயலின் பெயர், தாய் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு என்ன வருகிறது என்று ஆராயும் துறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இது எனக்குப் பிடித்த பொருத்தம்.

‘அணு’ வடமொழி வழி வந்தது. மிகச் சிறியது என்று பொருள். மரபைச் சுமக்கும் நுண்பொருள் என்ற கருத்தில் ‘மரபணு’ உருவானது. இயற்பியல் படித்தவர்கள் ‘ஆட்டம்தானே அணு, ஜீன் எப்படி அணுவாகும்’ என்று முகம் சுளிப்பார்கள். நியாயம்தான். ஜீன் ஒரு தனிப் பொருளே இல்லை, டி.என்.ஏ. என்ற நீண்ட இழையில் ஒரு பகுதி. இலங்கைப் பாடநூல்களில் ‘பரம்பரையலகு’ என்ற சொல் வழங்கியது. துறைக்குப் ‘பிறப்புரிமையியல்’ என்று பெயர். அலகு என்பது அணுவைவிடச் சரியான சொல். ஆனால் மரபணு நாக்கில் ஒட்டிவிட்டது, இனிப் பெயர்க்க முடியாது.

‘ஜீன்’ நாம் நினைப்பதைவிட இளமையான சொல். டென்மார்க்கின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோகான்சென் 1909இல் உருவாக்கியது. மரபுவழி பற்றிய தன் கருத்துக்கு டார்வின் ‘பான்ஜெனிசிஸ்’ என்று பெயர் வைத்தார், டச்சுத் தாவரவியலாளர் டி விரீஸ் அதிலிருந்து ‘பான்ஜென்’ என்றார், யோகான்சென் அதையும் நறுக்கி ‘ஜென்’ என்றார். ‘ஜெனிட்டிக்ஸ்’ என்று துறைக்குப் பெயர் வைத்தவர் இங்கிலாந்தின் வில்லியம் பேட்சன். அது 1905, அதாவது ஜீனுக்கு நாலு வருஷம் முன்னால். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பிறப்பு, குலம் என்ற பொருள்கொண்ட கிரேக்கச் சொல்.

சரி, மரபணுப் பரிசோதனைக்கு வருவோம். இந்த ஒரு பெயரின் கீழ் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத மூன்று சோதனைகள் ஓடுகின்றன.

முதலாவது, ஆளை அடையாளம் காணும் சோதனை. 1984இல் இங்கிலாந்தின் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டுபிடித்த டி.என்.ஏ. கைரேகையின் வழிவந்தது. வேடிக்கை என்னவென்றால், இது பெரும்பாலும் மரபணுக்களைப் பார்ப்பதே இல்லை. மரபணு அல்லாத பகுதிகளில் திரும்பத் திரும்ப வரும் சின்னத் தொடர்களை எண்ணி ஒப்பிடுகிறது. பெயரைப் பிடித்துக்கொண்டிருப்பது இது, ஆனால் பெயருக்குக் குறைந்த உரிமை உள்ளதும் இதுதான்.

இரண்டாவது, கட்டியைச் சோதிப்பது. அறுவை செய்தோ ஊசி குத்தியோ எடுத்த சதைத்துண்டில் எந்த மரபணு கெட்டிருக்கிறது என்று பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுப்பார்கள். நுரையீரல் புற்றுநோயில் ‘ஈ.ஜி.எஃப்.ஆர்.’ என்ற மரபணுவைப் பார்ப்பது இந்த வகை. அங்கே தெரியும் கோளாறு பெரும்பாலும் அந்தக் கட்டிக்குள் மட்டும் உண்டானது. பிள்ளைகளுக்குப் போகாது.

மூன்றாவதுதான் பாலக்கோட்டு அக்காவுக்கு எழுதிக் கொடுத்தது. பிறக்கும்போதே உடம்பின் எல்லாச் செல்லிலும் இருக்கிற, தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வந்த கோளாறு ஏதும் உண்டா என்று பார்ப்பது. ஒரு குழாய் ரத்தம் போதும். சில இடங்களில் எச்சில்கூடப் போதும். இந்த விடை மட்டும்தான் ஒரு ஆளோடு நிற்காமல் குடும்பத்தையே தொடுகிறது. யோசித்து முடிவெடுக்க வேண்டிய சோதனையும் இதுதான்.

நம் மாவட்டங்களில் ‘ஜெனிட்டிக்’ என்ற சொல்லுக்கு இன்னொரு நிழலும் உண்டு. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடை செய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஸ்கேன் மையங்களோடு ‘ஜெனிட்டிக் கவுன்சலிங்’ மையங்களையும் பதிவு செய்யச் சொல்கிறது. பெண்சிசுக் கொலைக்காகப் பேர் கெட்ட மாவட்டம் தர்மபுரி. ‘ஜெனிட்டிக்’ என்றதும் இங்கே சிலர் குரலைத் தாழ்த்தினால் அதற்கும் காரணம் இருக்கிறது.

அடுத்த சிக்கல் ‘மரபணு மாற்றம்’. அரூரில் பருத்தி போடுகிறவரிடம் மரபணு மாற்றம் என்றால் 2002இல் இந்தியாவில் அனுமதி பெற்ற பி.டி. பருத்திதான் நினைவுக்கு வரும். அது மனிதர் திட்டமிட்டுச் செய்த மாற்றம். ‘உங்களுக்கு மரபணு மாற்றம் இருக்கிறது’ என்று டாக்டர் சொன்னால், யார் எப்போது மாற்றினார்கள் என்ற சந்தேகம் வரத்தானே செய்யும்? ஆங்கிலத்தில் ‘மியூட்டேஷன்’, அதற்குப் பாடநூல் தந்த சொல் ‘சடுதி மாற்றம்’. இதுவும் இங்கே உதவாது. மூன்று நாலு தலைமுறையாக வந்துகொண்டிருப்பதைச் சடுதி என்று எப்படிச் சொல்வது? மருத்துவர்களே இப்போது மியூட்டேஷனை விட்டு ‘வேரியன்ட்’ என்றுதான் ரிப்போர்ட்டில் எழுதுகிறார்கள்.

நான் ‘திரிபு’ என்பேன். கொரோனா காலத்தில் டெல்டா திரிபு, ஒமைக்ரான் திரிபு என்று படித்துப் பழகிய சொல். அதைவிடப் பெரிய காரணம், தமிழ் இலக்கணம் இந்த வேலையை ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. புணர்ச்சியில் விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். வாழைப்பழத்தில் ஒரு ‘ப்’ தோன்றும், பொற்குடத்தில் ‘ன்’ ‘ற்’ ஆகும், மரவேரில் ‘ம்’ கெடும். டி.என்.ஏ. இழையில் வரிசையாக நிற்கும் வேதிப்பொருள்களை எழுத்துகள் என்பார்கள். அவற்றுக்கும் இதே மூன்றுதான் நேர்கின்றன: ஓர் எழுத்து கூடுதலாக நுழையும், ஒன்று வேறொன்றாக மாறும், ஒன்று விழுந்துபோகும். மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள ‘பிராக்கா 1’ மரபணுவில் ஏ, ஜி என்ற இரண்டே எழுத்துகள் விழுந்துபோகும் ஒரு திரிபு பெயர் பெற்றது. முதலில் யூதக் குடும்பங்களில் அதிகமாகத் தெரியவந்தது, இந்தியக் குடும்பங்களிலும் கண்டிருக்கிறார்கள். இரண்டு எழுத்து போனால் அதற்கப்புறம் வரும் எதையும் செல்லால் சரியாகப் படிக்க முடியாது. டி.என்.ஏ.வில் ஏற்படும் பழுதைச் சரிசெய்ய வேண்டிய புரதம் அரைகுறையாக நின்றுவிடும்.

‘பிராக்கா’ என்ற பெயரையும் சொல்லியாக வேண்டும். ‘பிரெஸ்ட் கேன்சர்’ என்பதன் தலையெழுத்துகளைச் சேர்த்து ஒட்டியது. மேரி-கிளேர் கிங் 1990இல் அது 17ஆம் குரோமோசோமில் இருப்பதைக் காட்டினார், 1994இல் மரபணுவையே பிரித்தெடுத்தார்கள். ‘பிராக்கா 2’ இருப்பது 13ஆம் குரோமோசோமில். மார்பகத்தின் பெயரை வைத்துவிட்டதால் இது பெண்கள் சமாச்சாரம் என்று ஆகிவிட்டது. உண்மையில் ஆணும் இந்தத் திரிபைச் சுமப்பார், மகளுக்குக் கொடுப்பார். அவருக்கே மார்பகம், புராஸ்டேட், கணையம் ஆகியவற்றில் புற்றுநோய் வரலாம். டாக்டர் குடும்ப விவரம் கேட்கும்போது நம்மவர்கள் அம்மா, சித்தி, பெரியம்மா என்று அம்மா வழியை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அத்தைகளையும் அப்பாவைப் பெற்ற பாட்டியையும் சொல்ல வேண்டும்.

இனி ‘பரம்பரை’. ‘பரம்பரை வியாதி’ என்ற தொடர் கல்யாணப் பேச்சில் ஒரு குடும்பத்தையே தள்ளிவைக்கப் பயன்படுகிற ஆயுதம். அதனால்தான் சோதனைக்குப் போகவே பயம். சரியான தொடர் ‘மரபுவழி வாய்ப்பு’. வழிவழியாக வருவது புற்றுநோய் அல்ல, வரக்கூடிய வாய்ப்பு. பிராக்கா 1 திரிபு உள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 70 சதவீதம், சினைப்பையில் 44 சதவீதம் என்று 2017இல் வெளியான பெரிய ஆய்வு கணக்கிட்டது. பிராக்கா 2க்கு மார்பகத்தில் கிட்டத்தட்ட அதே அளவு, சினைப்பையில் 17. பெரிய எண்கள்தான், ஆனால் நூறு இல்லை. திரிபு பிள்ளைக்குப் போவதும் சரிபாதி வாய்ப்பு. கிருஷ்ணகிரி மாந்தோப்புக்காரருக்கு விளக்கவே வேண்டாம்: ஒட்டுக்கன்று தாய் மரம் போலவே காய்க்கும், கொட்டை போட்டு முளைத்த கன்று எதைக் கொண்டுவரும் என்று சொல்ல முடியாது. மனிதர் எல்லோரும் கொட்டைக் கன்றுகள்.

இன்னொன்று: மொத்த மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதம்தான் இப்படி மரபுவழி வருவது. 70 வயதுப் பாட்டி ஒருவருக்கு வந்தது என்பதற்காக வீட்டில் எல்லோரும் ரத்தம் கொடுக்க ஓட வேண்டியதில்லை. இளவயதில் வந்தது, இரண்டு மார்பிலும் வந்தது, ஆணுக்கு மார்பில் வந்தது, எந்த வயதிலும் சினைப்பையில் வந்தது, ஒரே வழியில் பலருக்கு வந்தது ஆகியவைதான் கேட்க வேண்டிய அடையாளங்கள். குடலிலும் கருப்பையிலும் குடும்பத்தில் பலருக்கு வந்திருந்தால் ‘லின்ச் சிண்ட்ரோம்’ என்ற மரபுவழிக் கோளாறுக்கான வேறொரு மரபணுக் கூட்டத்தைப் பார்ப்பார்கள்.

‘சொந்தத்துல கட்டினதாலதான் கேன்சர்’ என்று இங்கே அடிக்கடி கேட்கிறோம். மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டுகிற ஊர், அதனால் எந்த வியாதிக்கும் இந்தக் காரணம் கையில் தயாராக இருக்கும். பிராக்கா, லின்ச் இரண்டுக்கும் இது பொருந்தாது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து அந்த மரபணுவின் கெட்ட பிரதி ஒன்று வந்தாலே போதும், இருவரும் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் கெட்ட பிரதி வந்தால்தான் வெளிப்படும் தலசீமியா போன்ற நோய்களுக்குத்தான் சொந்தக் கல்யாணம் கணக்கில் வரும். ஆனால் ஒரு விஷயத்தில் நம் கல்யாணமுறை இங்கேயும் குறுக்கே வரும். டாக்டர்கள் வரையும் ‘பெடிக்ரீ’, நல்ல தமிழில் கொடிவழி, அம்மா வழி ஒரு பக்கம் அப்பா வழி ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். அக்கா மகளைக் கட்டிய வீட்டில் பிள்ளைக்கு அப்பாவே அம்மாவின் தாய்மாமன். இரண்டு வழியும் ஒரே பாட்டியிடம் போய் முடியும். இதைச் சொல்லாவிட்டால் படம் தப்பாகிவிடும்.

யார் முதலில் எடுப்பது என்பதில்தான் காசும் மன உளைச்சலும் மிச்சமாகும். புற்றுநோய் வந்தவர் உயிரோடு இருந்தால் அவர்தான் முதலில். அவரிடம் திரிபு கிடைத்தால் தங்கைகளுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் அந்த ஒரு திரிபை மட்டும் தேடினால் போதும், செலவும் குறையும், விடையும் தெளிவாக இருக்கும். நோய் வராத மகள் முதலில் எடுத்து ‘இல்லை’ என்று வந்தால், அதை முழு நிம்மதியாக எடுத்துக்கொள்ள முடியாது. குடும்பத்தில் இருக்கும் கோளாறு அந்தச் சோதனைக்குத் தெரியாத ஒன்றாக இருக்கலாம். 18 வயது நிறையாத பிள்ளைகளுக்கு, பெரியவர்களான பிறகே வரும் இந்தப் புற்றுநோய்களுக்காகச் சோதனை செய்வதில்லை.

தெரிந்து என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. பிராக்கா திரிபு உள்ள பெண்ணுக்கு 25 வயதிலிருந்து வருஷா வருஷம் எம்.ஆர்.ஐ., 30க்குமேல் அதோடு மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும்; பிள்ளைப்பேறு முடிந்தபின் 35இலிருந்து 45க்குள் சினைப்பையை எடுப்பது; விரும்பினால் மார்பகத்தையும். ஏற்கெனவே நோய் வந்தவருக்கு ‘ஒலாபரிப்’ போன்ற மருந்து பொருந்துமா என்பதையும் இதுவே சொல்லும். இவற்றில் எதையும் செய்யப் போவதில்லை, பிள்ளைகளிடமும் சொல்லப் போவதில்லை என்று ஒருவர் தெளிவாக இருந்தால், சோதனை வேண்டாம் என்பதும் அவர் உரிமை. காப்பீட்டுப் பயம் பலருக்கு உண்டு. மரபணுக் கோளாறு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி மருத்துவக் காப்பீட்டை மறுக்கக்கூடாது என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது.

இதையெல்லாம் பேசுவதற்குப் பெயர் ‘ஜெனிட்டிக் கவுன்சலிங்’. கவுன்சலிங் என்றால் நமக்கு இன்ஜினியரிங் சீட்தான் ஞாபகம் வரும். ‘மரபுவழி ஆலோசனை’ போதும். வேலூர் சி.எம்.சி.யிலும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் இதற்கு ஆள் உண்டு. ரத்தம் கொடுப்பதற்கு முன்னால் இது நடக்க வேண்டும், ரிப்போர்ட் வந்த அப்புறம் அல்ல.

கடைசியாக, ரிப்போர்ட்டில் சில சமயம் வரும் ஒரு சொல்: ‘வி.யு.எஸ்.’. ‘பொருள் தெளியாத திரிபு’ என்பேன். திரிபு இருக்கிறது, அது கெடுதலா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை என்று பொருள். இந்தியர்களின் டி.என்.ஏ. உலகத் தரவுகளில் குறைவு என்பதால் நமக்கு இது கூடுதலாகவே வரும். இதை வைத்து அறுவை சிகிச்சைக்குப் போகக்கூடாது, தங்கைக்கும் இதைத் தேடிச் சோதிக்க வேண்டியதில்லை. இப்படிப்பட்ட திரிபுகளில் பல பின்னால் தீங்கற்றவை என்று மாற்றி வகைப்படுத்தப்படுகின்றன. அதனால் ரிப்போர்ட்டை லேமினேட் செய்து பீரோவில் வைத்துவிடாமல், ஓரிரு வருஷத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் கேட்க வேண்டும். செல்போன் நம்பர் மாறினால் அதையும் அவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.