ஜி.எஸ்.டி. சாலையில் அடிபட்டால்: முதல் 48 மணி நேரச் செலவு யாருடையது?

சென்னையின் தென்புறநகரில், பெருங்களத்தூரிலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு அந்தச் சாலைதான் வீட்டு வாசல். பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், காய்கறி வாங்கவும், ரயிலைப் பிடிக்கவும் அதைத்தான் கடக்கிறோம். தென்மாவட்டங்களுக்குப் போகும் பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் அதே சாலைதான் பெருவழி. வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலை நகர் என்று ஊர்கள் அதன் இரு பக்கமும் வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, விடியற்காலையிலும் நள்ளிரவிலும் பெட்டியும் பையுமாக வந்து போகிறவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

இப்படிப்பட்ட சாலையில் அடிபடுவது யார்? 2022-ஆம் ஆண்டு இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், ஏறத்தாழ 20 பேர் நடந்து போனவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு 64,105 விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். ஒரு நாளைக்கு 49 பேர். நாடு முழுவதும் விபத்து அதிகம் நடக்கும் நேரம் மாலை 6 மணியிலிருந்து 9 மணி வரை. புறநகர்வாசிகள் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம் அதுதான்.

எங்கள் தெருவில் ஒரு பையன் அப்படி ஒரு மாலையில் வண்டியோடு விழுந்தான். மருத்துவமனை வாசலில் நின்ற நாலைந்து பேரும் முதலில் பேசியது காயத்தைப் பற்றி அல்ல. “கையில எவ்வளவு இருக்கு? ஏ.டி.எம். எங்க இருக்கு? காப்பீட்டு அட்டை வீட்டுல இருக்கா?” என்பதுதான். இந்த மூன்று கேள்விகளுக்கும் அந்த நேரத்தில் தேவையே இல்லை என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை, நான் உட்பட. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

“இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48” என்பது தமிழ்நாடு அரசின் திட்டம். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். சாரம் எளியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் காயம்பட்ட எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்துள்ள அரசு மருத்துவமனைக்கும் போகலாம், தனியார் மருத்துவமனைக்கும் போகலாம். தொடக்கத்தில் 609 மருத்துவமனைகள் இதில் இருந்தன. அவற்றில் 408 தனியார் மருத்துவமனைகள். 81 வகைச் சிகிச்சை முறைகளுக்கு அரசே மருத்துவமனைக்குப் பணம் கொடுக்கிறது. ஒருவருக்கு ரூ.1 லட்சம் என்று இருந்த உச்சவரம்பு, பிறகு ரூ.2 லட்சமாக உயர்த்தப்பட்டது.

“எவருக்கும்” என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. வருமான வரம்பு கிடையாது. பீகாரிலிருந்து வந்து மறைமலை நகர் தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கும் உண்டு. வெளிநாட்டிலிருந்து மாமல்லபுரம் பார்க்க வந்தவருக்கும் உண்டு. விபத்து தமிழ்நாட்டில் நடந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். குடும்பத்தார் விண்ணப்பம் எழுதி, கையெழுத்து வாங்கி அலைய வேண்டியதும் இல்லை. பதிவு செய்வது மருத்துவமனையின் வேலை.

அப்புறம் எங்கே சிக்கல் வருகிறது? எந்த மருத்துவமனைக்குப் போகிறோம் என்பதில்தான். எல்லாத் தனியார் மருத்துவமனைகளும் திட்டத்தில் இல்லை. பதற்றத்தில் ஆட்டோவில் தூக்கிப்போட்டு, கண்ணில் பட்ட முதல் பெயர்ப்பலகைக்குள் நுழைந்தால் அங்கே திட்டம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதனால்தான் 108-ஐ அழைப்பது நல்லது. அருகில் எந்த மருத்துவமனையில் விபத்துச் சிகிச்சைக்கு வசதி இருக்கிறது என்பது அந்த வண்டியில் வருபவர்களுக்குத் தெரியும். முதுகெலும்பில் அடிபட்டவரை எப்படித் தூக்க வேண்டும் என்பதும் தெரியும்; நாம் இரண்டு பேர் கையைக் காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைப்பதில் ஒரு மனிதரின் நடையே போய்விடலாம். தேசிய நெடுஞ்சாலையில் என்றால் 1033 என்ற எண்ணும் உண்டு. மருத்துவமனைக்குள் போனதும், “ஆக்சிடென்ட் கேஸ், நாற்பத்தெட்டுத் திட்டத்தில் சேருங்கள்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்காமலே செய்ய வேண்டியதுதான், ஆனால் கேட்டுவிட்டால் முன்பணப் பேச்சு எழுவதற்கு முன்பே அடங்கிவிடும்.

48 மணி நேரம் முடிந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் பலரும் பயத்தோடு கேட்கிறார்கள். அடிபட்டவர் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருந்தால், அந்தத் திட்டத்தின் கீழ் அங்கேயே சிகிச்சை தொடரும். அதில் இல்லை, ஆனால் உடல்நிலை சீராகிவிட்டது என்றால் அரசு மருத்துவமனைக்கு மாற்றிக்கொள்ளலாம். அதே தனியார் மருத்துவமனையில்தான் இருக்க வேண்டும் என்றால் சொந்தப் பணமோ தனியார் காப்பீடோ தேவை. ஆக, முதல்வர் காப்பீட்டு அட்டை முதல் இரண்டு நாளுக்குத் தேவையில்லை, மூன்றாம் நாளுக்குத் தேவை. ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் உள்ள குடும்பங்கள் அதற்குத் தகுதி உள்ளவை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போனால் போதும். வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கும்போது செய்துகொள்ள வேண்டிய வேலை இது.

மாநில எல்லையைத் தாண்டினால் இந்த 48 செல்லாது. திருப்பதிக்குக் காரில் போகும் வழியில், ஆந்திரத்துக்குள் விபத்து நடந்தால் கைகொடுப்பது மத்திய அரசின் திட்டம். 2025 மே 5 முதல் நடைமுறைக்கு வந்த அதன்படி, மோட்டார் வாகன விபத்தில் காயம்பட்டவருக்கு விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, ரூ.1.5 லட்சம் வரை கட்டணமின்றிச் சிகிச்சை கிடைக்கும். காவல்துறை அதை விபத்து என்று உறுதிசெய்ய வேண்டும். இந்தத் திட்டம் தானாக வந்துவிடவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 162-ஆம் பிரிவாக எழுதப்பட்டு நடைமுறைக்கு வராமலே கிடந்ததை, உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் கெடு வைத்துக் கேட்டது. அந்த வழக்கைத் தொடுத்தவர் கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவைச் சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன். 2012-இல் போட்ட வழக்கு. ஒரு மருத்துவர் பதின்மூன்று ஆண்டு விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததன் பலன் இன்று நாட்டின் மூலைமுடுக்குக்கெல்லாம் போகிறது என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது.

தூக்கிவிட்டால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்ற பயம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. அந்தப் பயத்துக்குச் சட்டத்தில் இப்போது இடமில்லை. 2016-இல் உச்ச நீதிமன்றம் உதவுபவர்களைக் காக்கும் வழிகாட்டுதல்களைக் கட்டாயமாக்கியது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. உதவியவர் தன் பெயரையோ முகவரியையோ சொல்ல வேண்டியதில்லை. மருத்துவமனை அவரிடம் பணம் கேட்கவோ, பிடித்து வைக்கவோ கூடாது. அவராக விரும்பினால் மட்டுமே சாட்சி சொல்லலாம். நல்ல எண்ணத்தோடு உதவும்போது தவறிப்போய் ஏதாவது ஆகிவிட்டாலும் அவர் மேல் வழக்குப் போட முடியாது. முதல் ஒரு மணி நேரத்துக்குள், உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்தவரை மருத்துவமனையில் சேர்த்தவருக்கு மத்திய அரசு கொடுக்கும் வெகுமதி ரூ.5,000 ஆக இருந்தது, 2025-இல் ரூ.25,000 ஆனது.

இனி காகிதங்கள். சிகிச்சை இலவசம் என்பதோடு வேலை முடிந்துவிடாது, ஏனென்றால் கால் உடைந்தவர் மூன்று மாதம் வேலைக்குப் போக முடியாது. விபத்து என்று சேர்த்ததும் மருத்துவமனை ஒரு பதிவேட்டில் எழுதும். எல்லோரும் அதை ஏ.ஆர். என்பார்கள். அந்த ஏ.ஆர். நகல், காவல் நிலையத்தின் எஃப்.ஐ.ஆர். நகல் இரண்டும் கையில் இருந்தால்தான் பிறகு எதையும் கேட்க முடியும். “பேசித் தீர்த்துக்கலாம், கேஸ் வேண்டாம்” என்று இடித்தவர் பத்தாயிரம் ரூபாயை நீட்டும்போது வாங்கிக்கொண்டு விட்டுவிடுகிறவர்கள் நிறைய பேர். உள்காயம் ஒரு வாரம் கழித்துத் தெரிய வரும். அப்போது கையில் ஒன்றுமே இருக்காது.

இடித்த வண்டி எதுவென்று தெரிந்தால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். விபத்து நடந்து 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 1 முதல் உள்ள சட்டம். தவறு யாருடையது என்று நிரூபிக்க முடியாத நிலையிலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவில் இறப்புக்கு ரூ.5 லட்சம், பலத்த காயத்துக்கு ரூ.2.5 லட்சம் கேட்கலாம். மருத்துவமனை வார்டுக்கே வந்து வக்காலத்தில் கையெழுத்து வாங்கிப் போகும் தரகர்களிடம் கவனம் வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டால்? இரவு நேர நெடுஞ்சாலையில் இதுதான் கொடுமை. வண்டி எண் தெரியாது, பார்த்தவர் யாரும் இல்லை. அதனால் ஒன்றும் கிடைக்காது என்று குடும்பமே கைவிட்டுவிடுகிறது. அது தவறு. இப்படிப்பட்ட விபத்துக்கென்றே தனித் திட்டம் 2022 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.2 லட்சம், பலத்த காயமடைந்தவருக்கு ரூ.50,000. முன்பு இது ரூ.25,000 மற்றும் ரூ.12,500 ஆக இருந்தது. விபத்து நடந்த வட்டத்தின் வருவாய்த் துறை விசாரணை அலுவலரிடம், அதாவது கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியரிடம், படிவம் 1-ஐ நிரப்பி, எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை அல்லது காயச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றோடு கொடுக்க வேண்டும். அவர் ஒரு மாதத்துக்குள் ஆட்சியருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், ஆட்சியர் 15 நாளில் உத்தரவு போட வேண்டும். இந்தத் திட்டத்தை நாடு சரியாகப் பயன்படுத்தவில்லை என்று பார்த்த உச்ச நீதிமன்றம், 2024 ஜனவரியில் ஓர் உத்தரவு போட்டது. எஃப்.ஐ.ஆர். போட்டு ஒரு மாதத்துக்குள் வண்டியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், இப்படி ஒரு இழப்பீடு உண்டு என்று காவல்துறையே குடும்பத்துக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். அந்தக் கடிதம் வரவில்லை என்றால் காவல் நிலையத்தில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

தானாகவே சறுக்கி விழுந்தவருக்கு எதிராளி இல்லை. அவருக்கு உதவுவது, வண்டிக் காப்பீட்டோடு எடுக்கும் ரூ.15 லட்சம் உரிமையாளர்–ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பு. ஓட்டுநர் உரிமம் இல்லாமல் ஓட்டியிருந்தால் அது கிடைக்காது. வங்கிக் கணக்கில் வருடத்துக்கு ரூ.20 பிடித்தம் ஆகிறதா என்றும் பாருங்கள். பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டமாக இருந்தால் விபத்து மரணத்துக்கு ரூ.2 லட்சம் உண்டு. வீட்டாருக்குத் தெரியாமலே பிடித்தம் போய்க்கொண்டிருந்து, கேட்கும் கெடு தாண்டிப்போன குடும்பங்கள் இருக்கின்றன.

எஃப்.ஐ.ஆர். போடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, அது ஊரைப் பற்றியது. ஒரு சாலையில் சுமார் 500 மீட்டர் தூரத்துக்குள், 3 ஆண்டில் உயிரிழப்போ பலத்த காயமோ உண்டாக்கிய 5 விபத்துகள் நடந்திருந்தால், அல்லது 10 பேர் இறந்திருந்தால், அதை விபத்து அபாய இடமாக அரசு எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் விளக்கு, தடுப்பு, நடைமேம்பாலம், சர்வீஸ் சாலைக்கு ஒழுங்கான திறப்பு என்று கோப்பு நகரும். விபத்து நடந்த இடத்தைக் காவலர்கள் கைப்பேசியிலேயே பதியும் மென்பொருளை உருவாக்கியதில் சென்னை ஐ.ஐ.டி.க்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் பேசித் தீர்த்துக்கொண்ட விபத்து எந்த மென்பொருளிலும் ஏறாது. நாலு பேர் கால் உடைந்த திருப்பம் கணக்கில் வெறும் சாலையாகவே இருக்கும்.

மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் ஆட்சியர். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் எவரும் மனு கொடுக்கலாம். “எங்கள் பகுதியில் விபத்து அதிகம்” என்று பொதுவாக எழுதாமல், எந்த இடம், அருகில் எந்தக் கடை அல்லது பேருந்து நிறுத்தம், மூன்று ஆண்டில் எத்தனை விபத்து, ஒவ்வொன்றின் எஃப்.ஐ.ஆர். எண்ணும் தேதியும் என்று எழுதி, ஒரு புகைப்படமும் சேர்த்துக் கொடுங்கள். மனு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சாலையைப் பாதுகாப்பாக வடிவமைக்கவும் பராமரிக்கவும் தவறி, அதனால் உயிர்ச்சேதமோ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்ததாரருக்கோ ரூ.1 லட்சம் வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவில் இடம் இருக்கிறது. மனுவின் கடைசி வரியில் அந்தப் பிரிவையும் குறிப்பிடுங்கள்.