மூன்று குதிரை வேலைக்கு 245 குதிரை

புதுச்சேரியில் முருங்கப்பாக்கம் தாண்டி அரியாங்குப்பம் நோக்கிப் போகும் ஒரு கார், மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சீராக ஓட எவ்வளவு சக்தி வேண்டும்? காரின் எடை ஆளோடு சேர்த்து 1,300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டயர் உருளும்போது ஏற்படும் எதிர்ப்பு, எடையில் சுமார் நூற்றுக்கு 1.1 பங்கு, அதாவது ஏறக்குறைய 140 நியூட்டன். இந்த வேகத்தில் காற்று தடுப்பது 50 நியூட்டனுக்குள். இரண்டையும் கூட்டி வேகத்தால் பெருக்கினால் 2.1 கிலோவாட், அதாவது மூன்று குதிரைத்திறன்கூட இல்லை. புதுச்சேரியிலிருந்து கடலூர் வரை தரை சமதளம்தான். ஏற்றம் என்று சொன்னால் மேம்பாலம்தான். எனவே கணக்கில் மலை எதுவும் இல்லை.

2020இல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245இன் இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின் 245 குதிரைத்திறன் தரும். அதற்கு முன் வந்த போலோ ஜிடிஐ 192. இப்படி ஒரு காரை விற்றுவிட்டு, தினசரி ஓட்டத்துக்குச் சிக்கனமான காராகப் பார்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம், 'பவர் அதிகம், அதனால் பெட்ரோல் குடிக்கிறது' என்பது. இது பாதிதான் சரி. அந்தச் சக்தியை எடுத்து ஓட்டும்போது பெட்ரோல் செலவாவது நியாயம். எடுக்காமல் மெதுவாக உருட்டும்போதும் ஏன் செலவாகிறது என்பதுதான் கேள்வி.

விடை எஞ்சினின் மூச்சுக்குழாயில் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினின் சக்தியைக் குறைக்க, உள்ளே போகும் காற்றைக் குறைக்கிறோம். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால், காற்றுப் பாதையை மூடித் திறக்கும் திராட்டில் தட்டு கொஞ்சமே திறக்கும். அதற்குப் பின்னால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் வெளிக்காற்றில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கீழே இறங்கும் ஒவ்வொரு பிஸ்டனும் இந்த அரை வெற்றிடத்தை எதிர்த்து இழுக்க வேண்டும். இதைத்தான் பம்பிங் இழப்பு என்கிறார்கள். அதோடு பிஸ்டன் வளையம், பேரிங், கேம்ஷாஃப்ட், ஆயில் பம்ப் எல்லாம் சேர்ந்த உராய்வு. எஞ்சின் 3 குதிரை வேலை செய்தாலும் 200 குதிரை வேலை செய்தாலும், ஒரே சுழற்சி வேகத்தில் இந்த உராய்வு பெரிதாக மாறாது. ஆழாக்கு அரிசி பொங்குவதற்குக் கல்யாண அண்டாவை அடுப்பில் ஏற்றினால், முதலில் அண்டாவைச் சூடாக்கத்தான் விறகு போகும்.

எண்களில் பார்த்தால் தெளிவாகும். 1,500 ஆர்பிஎம்மில், லேசான பளுவில், பம்பிங் இழப்பைச் சுமார் 0.6 பார் என்றும் உராய்வை 1 பார் என்றும் கொள்ளலாம் (பார் என்பது அழுத்த அலகு; ஒரு பார் ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்). இரண்டு லிட்டர் எஞ்சினில் இவை சேர்ந்து 4 கிலோவாட். ஒரு லிட்டர் எஞ்சினில் 2. சக்கரத்துக்குத் தேவையோ 2.1தான். ஆக, பெரிய எஞ்சின் சாலைக்குக் கொடுப்பதைப் போல இருமடங்கைத் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளச் செலவிடுகிறது. எரிந்த பெட்ரோலில் சுமார் 36 சதவீதம் பிஸ்டனைத் தள்ளும் வேலையாக மாறுகிறது என்று எடுத்துக்கொண்டால், பெரிய எஞ்சின் மணிக்கு 1.9 லிட்டரும் சிறியது 1.28 லிட்டரும் குடிக்கும். மைலேஜ் முறையே 21, 31. எடை ஒன்றே, டயர் ஒன்றே, வேகம் ஒன்றே என்று வைத்துப் போட்ட கணக்கு இது. மாறியது எஞ்சின் அளவு மட்டும்தான். சிறிய எஞ்சினில் திராட்டில் இன்னும் அகலமாகத் திறந்திருக்கும் என்பதால், உண்மையில் வித்தியாசம் இதைவிடச் சற்றுக் கூடும்.

இனி அதே இரண்டு கார்களையும் மரக்காணம் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 80இல் விடுங்கள். காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது, தேவை 7.4 கிலோவாட்டுக்கு ஏறுகிறது. பெரிய எஞ்சின் ஆறாவது, ஏழாவது கியரில் 1,800 ஆர்பிஎம்மில் சோம்பலாக ஓடும். சிறியது 2,400இல் சுழலும். கணக்குப் போட்டால் 21க்கு 24. டவுனில் பாதிக்குப் பாதி இருந்த இடைவெளி இங்கே 15 சதவீதத்துக்குள் அடங்கிவிட்டது. வாரம் ஒருமுறை சென்னை போய்வருவதுதான் காரின் முக்கிய வேலை என்றால், மைலேஜுக்காக வேகக் காரை விற்பதில் பெரிய லாபம் கிடையாது. தினமும் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று நின்று நின்று கடலூர் மஞ்சக்குப்பம் போகிறவருக்குத்தான் லாபம். இருபது கி.மீ.க்குச் சற்றே கூடுதலான அந்தத் தூரம் வரைபடத்தில் நெடுஞ்சாலை. எஞ்சினைப் பொறுத்தவரை நெரிசலான நேரு வீதி.

நின்று போவதற்கும் ஒரு விலை உண்டு. 50 கி.மீ. வேகத்தில் போகும், ஆளோடு 1,500 கிலோ இருக்கும் பெரிய காரை நிறுத்தினால் 145 கிலோஜூல் பிரேக் டிஸ்க்கில் சூடாகப் போய்விடுகிறது. அந்த வேகத்தைத் திரும்ப எட்டச் சுமார் 23 மில்லி பெட்ரோல் ஆகும். ஆளோடு 1,000 கிலோ இருக்கும் சிறிய காருக்கு 15 மில்லி. நாற்பது தடவை நின்று கிளம்பினால் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அரை லிட்டருக்குக் கொஞ்சம் அதிகம் என்று இரண்டும் பிரிந்து நிற்கும். சிக்னலில் ஓடிக்கொண்டே நிற்கும் எஞ்சின், தன் கொள்ளளவில் ஒவ்வொரு லிட்டருக்கும் மணிக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும். ராஜீவ் காந்தி சிலைச் சந்திப்பில் நிற்கும் நேரமெல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

ஏசி விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். 'பெரிய காரில் ஏசி போட்டாலும் மைலேஜ் இறங்கவில்லை, சின்னக் காரில் பயங்கரமாக இறங்குகிறது' என்பார்கள். கம்ப்ரஸர் 1.5 கிலோவாட் எடுக்கிறது என்றால், இரண்டு காரிலும் மணிக்கு ஏறக்குறைய அரை லிட்டர்தான் கூடுகிறது. மேலே சொன்ன 40 கி.மீ. கணக்கில் சேர்த்தால் 31 என்பது 23 ஆகிறது. 21 என்பது 17 ஆகிறது. செலவு ஒன்றுதான். ஏற்கெனவே வீணாக்கிக்கொண்டிருப்பதில் கூடுதல் வீண் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்ற அளவே கொஞ்சம் கண்கட்டு வித்தை காட்டும். மாதம் 1,000 கி.மீ. ஓடும் கார் 9இலிருந்து 14க்குப் போனால் 40 லிட்டர் மிச்சம். 19இலிருந்து 24க்குப் போனால் மிச்சம் 11 லிட்டர்தான். இரண்டிலும் ஏறியது ஐந்தே. ஆகவே 9 கொடுக்கும் காரை விட்டு 17, 18 கொடுக்கும் காருக்கு வந்தாலே பெரும்பகுதி லாபம் கையில் வந்துவிடும். அதற்கும் மேலே இரண்டு மூன்று கி.மீ. ஏற்றுவதற்காகப் பல லட்சம் கூடுதலாகக் கொடுப்பதற்கு முன் லிட்டரில் கணக்குப் போட்டுப் பாருங்கள். கடலூரைவிடப் புதுச்சேரி பெட்ரோல் பங்கில் விலை சில ரூபாய் குறைவு என்பதால், முள்ளோடை எல்லைக்கு இந்தப் பக்கம் டேங்க் நிரப்புகிறவருக்கு இந்த மிச்சம் இன்னும் சுருங்கும்.

எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள ஹைப்ரிட் கார் இந்த நோயைத்தான் நேராகப் பிடிக்கிறது. ஹோண்டா சிட்டியின் ஹைப்ரிட் வகையில், டவுன் வேகத்தில் சக்கரத்தைச் சுழற்றுவது மோட்டார். எஞ்சின் பெரும்பாலும் ஜெனரேட்டர்தான். லேசான பளுவில் எஞ்சின் இழுத்துக்கொண்டே ஓட வேண்டிய கட்டாயம் இல்லை: திறமையாக எரிக்கக்கூடிய பளுவில் சிறிது நேரம் ஓடி, பேட்டரியை ஏற்றிவிட்டு நின்றுவிடும். பிரேக்கில் போகும் ஆற்றலில் ஒரு பகுதியும் திரும்பி வரும். நெடுஞ்சாலை வேகத்தில் கிளட்ச் மூலம் எஞ்சினே நேரடியாகச் சக்கரத்தோடு இணைந்துவிடும். இந்தக் காரணத்தால்தான் ஹைப்ரிட் நெடுஞ்சாலையைவிட டவுனில் அதிகம் பிரகாசிக்கிறது. நாளும் முப்பது, நாற்பது கி.மீ. மட்டும் ஓடி இரவில் வீட்டில் சார்ஜ் ஏற்ற வசதியும் இருந்தால், மின்காருக்கு இந்தப் பம்பிங் இழப்பு என்ற பேச்சே இல்லை.

சின்ன டர்போ எஞ்சின் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு லிட்டர் டர்போ மெதுவாக ஓட்டும்போது ஒரு லிட்டர் எஞ்சின் போலவும், அழுத்தி மிதித்தால் ஒன்றரை லிட்டர் எஞ்சின் போலவும் நடந்துகொள்ளும். முழு பூஸ்ட்டில், அதாவது டர்போ காற்றை முழு அழுத்தத்தில் திணிக்கும்போது, எக்ஸாஸ்ட் வாயு அளவுமீறிச் சூடாகாமல் இருக்க, பல எஞ்சின்களில் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) வேண்டுமென்றே பெட்ரோலைக் கூட்டி விடும். ஜிடிஐ ஓட்டிய கால் அதே பழக்கத்தோடு வந்தால், மைலேஜும் பழைய காரின் மைலேஜாகவே வரும். அப்படிப்பட்ட கால் உள்ளவருக்கு டர்போ இல்லாத 1.2 லிட்டர் எஞ்சினே நல்லது. மிதித்தாலும் கொடுப்பதற்கு அதனிடம் அதிகம் இல்லை.

இப்போது கிடைக்கும் இ20 பெட்ரோலில் எத்தனால் ஐந்தில் ஒரு பங்கு. எத்தனாலில் லிட்டருக்குச் சுமார் 21 மெகாஜூல், பெட்ரோலில் 32. கலவையில் ஆற்றல் சுமார் 7 சதவீதம் குறைகிறது. விற்ற காரின் பழைய மைலேஜையும் வாங்கிய காரின் இன்றைய மைலேஜையும் ஒப்பிடும்போது இதை மறக்கக்கூடாது. டேஷ்போர்டு காட்டும் எண்ணையும் நம்ப வேண்டாம். பெரும்பாலும் கொஞ்சம் கூட்டியே காட்டும். ஒரே பங்கில், ஒரே இடத்தில் நிறுத்தி, நாசில் தானாக நிற்கும்வரை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்தது 300 கி.மீ. ஓட்டியபின் அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தை இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உண்மை. 50 கி.மீ. ஓடிப் பார்த்தால், நாசில் நிற்கும் இடத்தில் ஏற்படும் அரை லிட்டர் வித்தியாசமே கணக்கைக் கெடுத்துவிடும்.

பெட்ரோல் தவிர இன்னொரு செலவும் வேகக் காரை டவுனில் வைத்திருப்பதால் வருகிறது. காமாட்சியம்மன் கோவில் வீதிவரை போய் வருவது போன்ற இரண்டு கி.மீ. ஓட்டத்தில் ஆயில் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் எஞ்சினில், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரை நனைத்து ஆயிலில் கலக்கும். சூடேறாத ஆயிலிலிருந்து அது ஆவியாகி வெளியேறாது; ஆயில் நீர்த்துப்போகும். டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்தால் பெட்ரோல் வாடை வருவதும், ஆயில் அளவு இறங்காமல் ஏறுவதும் இதற்கு அடையாளம். இன்டேக் வால்வின் மேல் பெட்ரோல் படாததால் அங்கே கரி படியும். ஐட்லிங்கில் எஞ்சின் உதறும். இப்படி ஓடும் காருக்கு 15,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்று என்று கையேடு சொன்னாலும், 7,500இலோ ஆறு மாதத்திலோ மாற்றுவதுதான் சரி. ஆயிலில் ஊறாத டிரை கிளட்ச் உள்ள இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ், நெரிசலில் ஊர்ந்தால் பாதி கிளட்ச்சிலேயே தேய்ந்து சூடாகும். முன்னால் இரண்டு கார் நீளம் இடம் விட்டு, நின்று ஒரேயடியாக நகர்வது அதற்குக் கொஞ்சம் ஆயுள் கூட்டும்.

மாற்றாக வாங்குவது செகண்ட் ஹேண்ட் கார் என்றால், இந்தக் கரையோரத்தில் உப்பும் வெள்ளமும் முதலில் பார்க்க வேண்டியவை. காரை லிஃப்ட்டில் ஏற்றிச் சப்ஃப்ரேம் (எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் அடிச்சட்டம்) வெல்டிங், பிரேக் குழாய், சைலன்ஸர் தொங்கும் கொக்கி, முன்பக்க ஏசி கண்டென்ஸர் இதழ்கள் ஆகியவற்றைப் பாருங்கள். மேல் துரு பிரஷ்ஷுக்குப் போகும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் தட்டும்போது செதில் செதிலாகப் பெயர்ந்தால் விட்டுவிடுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 செ.மீ.க்கு மேல் மழை. அன்று தண்ணீரில் நின்ற கார்கள் பாலிஷ் போட்டு விற்பனைக்கு வந்திருக்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால், சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். ஸ்டெப்னி வைக்கும் குழி, சீட்டின் இரும்புத் தண்டவாளம், கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஒயர் இணைப்பில் பச்சைப் பூச்சு: இந்த மூன்றையும் பாலிஷ் மறைக்காது.

கடலூரில் இருப்பவர் புதுச்சேரியில் பதிவான பிஒய் எண் கொண்ட காரை வாங்கினால், படிவம் 28 கொடுத்துப் பெற்ற என்ஓசி (தடையில்லாச் சான்று) இல்லாமல் முழுப் பணத்தையும் கொடுக்கக் கூடாது. கடன் இருந்த கார் என்றால் படிவம் 35உம், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30உம் வேண்டும். தமிழ்நாட்டு சாலை வரி தனியாக வரும். மலிவாகத் தெரிந்த விலையில் அதையும் கூட்டிப் பாருங்கள். இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் பிரீமியம் எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்தது: 2022 ஜூன் முதல் அமலான விகிதப்படி 1,500 சிசிக்கு மேல் 7,897 ரூபாய், 1,000 முதல் 1,500 சிசி வரை 3,416, அதற்கும் கீழே 2,094. பழைய காரில் கிளெய்ம் எடுக்காமல் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் காருக்குச் சொந்தமில்லை, உரிமையாளருக்குச் சொந்தம். விற்றவுடன் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் அதற்கான கடிதத்தை வாங்கிக்கொண்டால், மூன்று ஆண்டுக்குள் வாங்கும் காரின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம்வரை கழித்துக்கொள்ளலாம்.