தலைக்கவசத்துக்குள் சுழலும் மூளை

அமெரிக்கக் கால்பந்தில் தற்காப்பு முன்வரிசைக்குச் சில அடிகள் பின்னால் நின்று, பந்தை ஏந்தி ஓடிவருபவரை மோதி வீழ்த்தும் ஆட்டக்காரரை லைன்பேக்கர் என்பார்கள். அந்த இடத்தில் புகழ்பெற்றவர்களுள் ஒருவர் ஜூனியர் சேயாவ். 1990இல் சான் டியாகோ சார்ஜர்ஸ் அணியில் சேர்ந்து, பின்னர் மயாமி, நியூ இங்கிலாந்து அணிகளுக்கும் ஆடி, 2009 வரை 20 பருவங்கள் களத்தில் நின்றார். 2012 மே மாதம், 43ஆம் வயதில், தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மூளை அதிர்ச்சி ஏற்பட்டதாக அவர் ஆடிய காலத்தில் எந்தப் பதிவும் வெளிவந்ததில்லை. ஆயினும், குடும்பத்தார் ஆய்வுக்கு வழங்கிய மூளையில், அது யாருடையது என்று அறியாமலே சோதித்த வல்லுநர்கள் சிடிஇ எனப்படும் மூளைச் சிதைவு நோயைக் கண்டறிந்தனர்.

நீர் நிரம்பிய குடத்தைச் சட்டென்று திருப்பினால் குடம் திரும்பிவிடும், உள்ளிருக்கும் நீர் உடனே திரும்பாது. திரவத்தில் மிதக்கும் மூளையின் நிலையும் ஏறக்குறைய இதுவே. தலைக்கவசம் மண்டையோட்டை முறிவிலிருந்து காக்கிறது. உள்ளே மூளை பின்தங்கி முறுக்கிக்கொள்வதை அதனால் தடுக்க முடிவதில்லை. அந்த முறுக்கில் நீண்ட நரம்பிழைகள் இழுபடுகின்றன. அவற்றின் உள்ளே சத்துகளைக் கொண்டுசெல்லும் நுண்குழல்களைத் தாங்கிப் பிடிக்கும் டாவ் என்னும் புரதம் கழன்று, உருத்திரிந்து, முடிச்சுகளாகத் திரள்கிறது. மூளை மடிப்புகளின் ஆழத்தில், சிறு இரத்தக் குழாய்களைச் சுற்றி அது படிவதே சிடிஇயின் அடையாளம்.

இதற்கு மயங்கி விழவைக்கும் பேரடி தேவையில்லை. எவ்வித அறிகுறியும் காட்டாத சிற்றடிகள் ஆண்டுக்கணக்கில் சேர்வதே முக்கியக் காரணம் என ஆய்வுகள் சுட்டுகின்றன. லைன்பேக்கருக்கோ மோதலே தொழில். 2017இல் வெளியான ஆய்வொன்றில், தேசியக் கால்பந்துக் கழகத்தில் ஆடிய 111 பேரின் மூளைகளுள் 110இல் இந்நோய் காணப்பட்டது. பெரும்பாலும் ஐயம் எழுந்த குடும்பங்களே மூளையை வழங்கியிருக்கும் என்பதால், இந்த விகிதத்தை எல்லா ஆட்டக்காரர்களுக்கும் பொருத்திவிடக் கூடாது. அதுபோலவே, சேயாவின் மரணத்துக்கு இந்நோய்தான் காரணம் என்று அடித்துச் சொல்லவும் இயலாது.

மேலும், இந்நோயை இறந்த பின்னரே உறுதிப்படுத்த முடிகிறது என்பதால், இன்று ஆடும் ஒருவரின் தலைக்குள் டாவ் எவ்வளவு படிந்திருக்கிறது என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. கைக்கெட்டிய வழி மோதல்களின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான். பருவத்தின்போது முழு மோதல் பயிற்சிகள் 14க்கு மேல் கூடாது என்று 2011இல் ஒப்பந்தமானது; சேயாவ் ஆட்டத்தை விட்டு அப்போது ஓராண்டுக்கு மேலாகியிருந்தது.