ஹீட் நிப்பர்: ‘வெப்ப இடுக்கி’ அல்ல, சூட்டு வெட்டுக்குறடு

அலகைச் சூடாக்கிப் பிளாஸ்டிக்கை வெட்டும் கருவியான ஹீட் நிப்பரை ‘வெப்ப இடுக்கி’ என்று எழுதியிருப்பதை மறுபடியும் ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

ஆங்கிலத்தில் ‘நிப்’ என்றால் கிள்ளுவது, நறுக்கென்று கடிப்பது. டச்சு மொழியின் ‘நைபென்’ இதற்கு உறவு. வேர் அவ்வளவுதான்.

இனி கருவி. அச்சில் வார்த்த அக்ரிலிக் பாகத்தை ரன்னரிலிருந்து, அதாவது அதோடு ஒட்டி வரும் பிளாஸ்டிக் தண்டிலிருந்து, சாதாரண நிப்பரால் வெட்டிப் பாருங்கள். ‘டக்’கென்று சில்லு தெறிக்கும். வெட்டிய இடம் வெளுத்திருக்கும், சில சமயம் விரிசல் பாகத்துக்குள்ளேயே ஓடியிருக்கும். அலகு ஆப்புபோல் இரு பக்கமும் தள்ளுகிறது. நெகிழத் தெரியாத பிளாஸ்டிக் அலகு வருமுன்பே பிளந்துவிடுகிறது. அலகைச் சூடாக்கினால் தொடும் இடம் மட்டும் இளகி, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கும். பாலிஸ்டைரீன் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸிலும், அக்ரிலிக் 105 வாக்கிலும், பாலிகார்பனேட் 147 வாக்கிலும் இளகத் தொடங்கும். ‘உருக்கி வெட்டும்’ என்று எழுதுவதும் தப்பு. உருகுவது வேறு, இளகுவது வேறு.

சரி, இதில் ‘இடுக்கி’ எங்கே வந்தது? இடுக்குவது என்றால் நடுவில் வைத்துப் பிடிப்பது. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறோம். குடைக்கு ஒன்றும் ஆவதில்லை. இடுக்கி பிடிக்கும் கருவி, வெட்டும் கருவியே அல்ல. ‘வெப்ப’ என்ற அடைமொழி இன்னும் குழப்புகிறது. வெப்பமானி வெப்பநிலையை அளக்கிறது, வெப்பக்காப்பு வெப்பத்தைத் தடுக்கிறது. அப்படியானால் வெப்ப இடுக்கி? சூடான பொருளைத் தூக்கும் கருவி என்றுதான் எவரும் நினைப்பார். அதை நம்பி ஒருவர் பாகத்தை அதன் வாயில் பிடித்தால், பளபளப்பான முகத்தில் இரண்டு தழும்பு விழும். ‘சூடான கிள்ளி’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது ஆங்கில அகராதியை மட்டும் பார்த்து எழுதியது.

தமிழில் ‘சூட்டுக்கோல்’ இருக்கிறதே! கோலே சூடாகி வேலை செய்கிறது என்பது அந்தச் சொல்லிலேயே தெரிகிறது. அதே வழியில் ‘சூட்டுக்குறடு’ என்று சொல்லலாம். ஆனால் குறடும் பிடிக்கும் கருவிதானே என்று கேட்பீர்கள். நியாயம்தான், பாதக்குறடு என்று செருப்புக்குக்கூட அந்தச் சொல் உண்டு. அதனால்தான் ‘வெட்டு’ அவசியம்: சூட்டு வெட்டுக்குறடு. கொஞ்சம் நீளம்தான், ஆனால் எது சூடாகிறது, என்ன செய்கிறது, என்ன வடிவம் என்ற மூன்றும் அதில் வந்துவிடுகின்றன.

மொழிபெயர்ப்பவர்கள் கருவியை ஒரு தடவையாவது கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பெயர் வைக்க வேண்டும். முடியாவிட்டால் பட்டறையில் சொல்வதுபோல் ‘ஹீட் நிப்பர்’ என்றே எழுதட்டும். தப்பான தமிழைவிட அது எவ்வளவோ மேல்.