புகை வந்தால் போய்ப் பார்க்காதீர்கள்

நைட்ரேஷன் பிளாக்கில், அதாவது நைட்ரிக் அமிலம் சேர்த்து வினை நடத்தும் பிரிவில், புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கும்போது முதல் நாளே ஒரு கேள்வி கேட்பேன். "ரியாக்டர் வென்ட்டில், அதாவது வினைக்கலனின் புகைபோக்கியில், செம்பழுப்பாகப் புகை வருகிறது, வெப்பநிலை ஏறிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்வீர்கள்?" பத்துப் பேரில் ஏழெட்டுப் பேராவது "போய்ப் பார்ப்பேன் சார்" என்பார்கள். நல்ல பிள்ளைகள். வேலையில் அக்கறை உள்ளவன்தான் அப்படிச் சொல்வான். எனக்குப் பயமே அதனால்தான்.

அவர்களிடம் லாமோட் டுபாண்டைப் பற்றிப் பேசுவேன். அமெரிக்காவில் டெலவேர் மாநிலத்து பிராண்டிவைன் ஆற்றங்கரையில் 1802இல் கருமருந்து ஆலை தொடங்கிய எலுத்தேர் இரெனே டுபாண்டின் பேரன் அவர். தாத்தா பிரான்சில் பெயர்பெற்ற வேதியியலாளர் லவாய்சியேயின் கீழ் வெடிமருந்துத் தொழில் கற்றவர். பேரன் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துவிட்டுக் குடும்பத் தொழிலுக்கு வந்தவர். அதுவரை கருமருந்துக்கு வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், பெரும்பாலும் நம் நாட்டிலிருந்துதான் போனது. கல்கத்தாவில் கப்பலேறும் சரக்கு. தென் அமெரிக்காவில் மலிவாகக் கிடைத்த சோடியம் நைட்ரேட்டை யாரும் சீந்தவில்லை, காற்றின் ஈரத்தை இழுத்து நசநசத்துப் போகும் என்பதால். மருந்துக் குருணைக்குக் கிராஃபைட் பூச்சுக் கொடுத்து அதைச் சரிக்கட்டி, 1857இல் காப்புரிமை வாங்கினார் லாமோட். சுரங்கத்துக்கும் ரயில்பாதைக்கும் பாறை உடைக்கிற மருந்து மலிவானது.

அதே 1857இல்தான் அவருடைய சித்தப்பா அலெக்சிஸ் ஆலை வெடிப்பில் இறந்தார். கனமான மரப்பெட்டி ஒன்றை நகர்த்தும்போது அது கல்சுவரில் உரச, பொறி பறந்தது. முதல் தீயில் பிழைத்தவர், பக்கத்துக் கட்டடத்தின் கூரையில் தீ பிடித்ததைப் பார்த்து அணைக்க ஏறினார். அந்தக் கட்டடமும் வெடித்தது. அதாவது, போய்ப் பார்த்தார்.

இத்தனைக்கும் அந்த ஆலையைக் கட்டியவருக்கு விபத்து வரும் என்று நன்றாகவே தெரியும். மூன்று பக்கம் தடித்த கல்சுவர். நான்காவது பக்கம், ஆற்றைப் பார்த்த பக்கம், லேசான மரத்தடுப்பு. மேலே லேசான கூரை. வெடித்தால் வேகமெல்லாம் தண்ணீர்ப் பக்கம் போய்விடும், அடுத்த கட்டடம் தப்பும். அந்தச் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. கட்டடத்துக்குள் இருக்கும் ஆளுக்கு மட்டும் அந்த ஏற்பாட்டில் இடமில்லை.

கருமருந்தாவது தீப்பொறிக்குத்தான் பயப்பட வேண்டியது. நைட்ரோகிளிசரின் என்ற திரவ வெடிமருந்து வேறு சாதி, தட்டினாலே வெடிக்கும். 1866 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில், உள்ளே என்ன என்று எழுதாத பெட்டி ஒன்று கசிய, திறந்து பார்க்கலாம் என்று சுத்தியலும் உளியும் எடுத்தார்கள். பதினைந்து பேர் போனார்கள். லேபிள் ஒட்டச் சொன்னால் முணுமுணுக்கும் ஸ்டோர் ஆட்களுக்கு இதைச் சொல்லிவைப்பது உண்டு.

மாசசூசெட்ஸில் ஹூசாக் சுரங்கப்பாதைக்கு நைட்ரோகிளிசரின் செய்துகொடுத்த ஜார்ஜ் மௌப்ரே என்ற வேதியியலாளர், தயாரிக்கும்போது கலவைக்குள் காற்றைக் குமிழ்குமிழாக விட்டார். காற்று கலவையைக் கலக்கும். ஒரே இடத்தில் சூடு கட்டாது. கெட்ட புகையும் வெளியேறும். எங்கள் துறையில் இன்று அஜிடேட்டர் (கலக்கும் கருவி) நின்றால் அலாரம் அடிப்பதற்கும் அடிப்படைக் காரணம் அதுதான். வினை சூட்டைக் கக்கும்; சூடு தேங்கினால் சரக்கு சிதையும்; சிதைவு இன்னும் சூட்டைக் கக்கும். செம்பழுப்புப் புகை தெரிகிறது என்றால் சிதைவு ஏற்கனவே ஆரம்பித்துவிட்டது. மிச்சம் நிமிடங்களா நொடிகளா என்று பக்கத்தில் நின்று கணக்குப் போட முடியாது.

இதெல்லாம் தெரிந்த ஆள் லாமோட். நைட்ரோகிளிசரினை வைத்துச் செய்யும் டைனமைட் பக்கம் போகத் தயங்கிய குடும்பத்தைச் சம்மதிக்க வைத்து, 1880இல் டெலவேர் ஆற்றுக்கு அக்கரையில், நியூ ஜெர்சியில் ரெபானோ கம்பெனியைத் தொடங்கினார். 1884 மார்ச் 29ஆம் தேதி, ஒரு பேட்ச் நைட்ரோகிளிசரின் சரியில்லை என்று தகவல் வந்தது. லாமோட் அந்தக் கட்டடத்துக்குப் போனார். வெடித்தது. நாட்டிலேயே அந்த வேதியியலை நன்றாக அறிந்தவர்களில் ஒருவர், வயது 52.

பதினெட்டு வருடம் கழித்து, 1902இல், அதே ரெபானோவில் ஈஸ்டர்ன் லேபரட்டரி வந்தது. அமெரிக்கத் தொழில்துறையின் ஆரம்பகால ஆய்வுக்கூடங்களில் அது ஒன்று. தலைவர் சார்லஸ் ரீஸ், ஜெர்மனியில் ஹைடல்பர்க்கில் முனைவர் பட்டம் வாங்கியவர். செலவைக் குறைக்கும் ஆராய்ச்சியும் நடந்தது, மறைக்க வேண்டியதில்லை. எனக்குப் பிடித்தது டைனமைட் உறைகிற பிரச்சினையை அவர்கள் கையாண்ட விதம். நைட்ரோகிளிசரின் ஏறக்குறைய 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். உறைந்த டைனமைட் சரியாக வெடிக்காது; சுரங்கத் தொழிலாளி அதை அடுப்போரம் வைத்து இளக்குவான், அங்கேயே செத்துப்போவான். "அடுப்பில் வைக்காதே" என்று கம்பெனிகள் அச்சடித்துக் கொடுத்துப் பார்த்தன. குளிரில் நிற்கிறவன் அச்சடித்ததைப் படித்துக்கொண்டா இருப்பான்? குளிரிலும் எளிதில் உறையாத டைனமைட்டைச் செய்துகொடுத்தது ஆய்வுக்கூடம். இளக்க வேண்டிய அவசியமே குறைந்தது.

நிலக்கரிச் சுரங்கத்திலும் அப்படித்தான். 1907 டிசம்பரில் மட்டும் மேற்கு வர்ஜீனியாவின் மோனோங்காவில் நடந்த சுரங்க வெடிப்பில் 362 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு. அடுத்த ஆண்டு பிட்ஸ்பர்க்கில் வெடிமருந்துகளைச் சோதிக்க அரசே நிலையம் அமைத்தது. தீநாக்கு நீளாத, சுரங்க வாயுவைப் பற்றவைக்கும் வாய்ப்புக் குறைந்த மருந்துகளுக்கு மட்டும் அனுமதிப் பட்டியல் வந்தது. அதில் இடம்பிடிக்க ஆய்வுக்கூடங்கள் போட்டிபோட்டன.

நம் கதைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் சாயம் தயாரிக்கத் தேவையான இடைப்பொருள் செய்யும் ஒரு ஆலைக்குத் தணிக்கைக்குப் போனேன். ரியாக்டரில் சரக்கு கைமீறினால் கீழே தண்ணீர்த் தொட்டியில் கொட்டிவிட வால்வு வைத்திருந்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் வால்வின் சக்கரம் ரியாக்டருக்கு நேர் அடியில், கையால் திருகுவது. "புகை வரும்போது இதை யார் திறப்பார்?" என்றேன். ஷிப்ட் இன்சார்ஜ் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "நான்தான் சார்." இருபது வருட அனுபவம், அந்தக் குரலில் துளி சந்தேகம் இல்லை.

காற்றழுத்தத்தில் இயங்கும் வால்வு போட்டு, பொத்தானைக் கண்ட்ரோல் ரூமிலும் சுவருக்கு வெளியிலும் வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். செலவுக் கணக்குப் பேசியே ஐந்து மாதம் ஓடியது. கடைசியில் போட்டார்கள். ஒத்திகையன்று ரியாக்டரில் வெறும் தண்ணீர்தான். சைரன் அடித்தது, பொத்தானை அழுத்தினார்கள், தொட்டி நிரம்பும் சத்தம் வெளியே எங்களுக்கே கேட்டது. அந்த இன்சார்ஜ் அதற்குள் பிளாக் வாசல்வரை ஓடிவிட்டார். பேரைச் சொல்லிக் கத்தித்தான் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது.