ஓட்டை விழுந்த இலைகள்: வறண்ட காட்டில் பூச்சிகளைத் தேட வேண்டிய மாதம்

மார்ச் மாதத்தில் முதுமலையின் கிழக்குப் பகுதிக்கு வருபவர்கள், இலையுதிர்த்து நிற்கும் மரங்களையும் காலடியில் நொறுங்கும் சருகையும் பார்த்துவிட்டு, இந்தக் காட்டில் பூச்சிகளே இல்லையா என்று என்னிடம் கேட்பதுண்டு. காட்டுப் பூச்சிகளைக் கணக்கெடுப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இது பழகிப்போன கேள்வி. அவற்றில் பெரும்பாலானவை முட்டையாகவோ கூட்டுப்புழுவாகவோ மண்ணிலும் சருகிலும் பட்டையின் இடுக்கிலும் மழைக்காகக் காத்துக் கிடக்கின்றன.

மரங்கள் மழைக்காகக் காத்திருப்பதில்லை. 1988 ஏப்ரல் முதல் 1990 ஆகஸ்ட் வரை முதுமலையில் இரண்டு இடங்களில் மரங்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள் கே. எஸ். முரளியும் ஆர். சுகுமாரும், தளிர்ப்பு கோடையிலேயே தொடங்கி மழைக்கு முன்பே உச்சத்தை எட்டிவிடுவதையும், இலை தின்னும் பூச்சிகள் மழையோடுதான் வெளிவருவதையும் பதிவு செய்தார்கள். பிந்தித் தளிர்த்த மரங்களே கூடுதலாகக் கடிபட்டன. இளந்தளிரில் புரதம் மிகுதி, நார் குறைவு. முற்றிய இலையோ புழுவின் வாய்க்குக் கடினம். எனவே தண்ணீருக்குத் தட்டுப்பாடான மாதத்தில் தளிர்விடும் துணிச்சலுக்குப் பூச்சிகளும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர்களுடைய முடிவு. களத்தில் பார்த்த அளவில் எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

முதல் மழைக்குப் பிந்தைய வாரங்களில், கிளைக்கடியில் வெள்ளைத் துணியை விரித்துக் கோலால் நாலு தட்டு தட்டினால், கோடையில் வெறுமையாகத் தெரிந்த அதே மரத்திலிருந்து புழுக்களும் கூன்வண்டுகளும் இலைத்தத்துப்பூச்சிகளும் உதிரும். ஆனால் துணியில் விழுந்ததெல்லாம் அந்த மரத்தைத் தின்பவை அல்ல. சில வெறுமனே வந்து உட்கார்ந்தவை. அதனால் புழுவை அதே இலையோடு டப்பாவில் இட்டு, நாள்தோறும் புது இலை கொடுத்து வளர்த்துப் பார்த்த பிறகே குறிப்பேட்டில் எழுதுகிறோம். பல டப்பாக்களில் வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாக, புழுவையே தின்று வளர்ந்த சிறு ஒட்டுண்ணிக் குளவிகள் வெளிவரும். அதுவும் ஒரு பதிவுதான்.

ஆடுதீண்டாப்பாளையை ஆடு தொடாது என்பதைப் பெயரே சொல்கிறது. சிவப்பு உடல் கொண்ட அழகிய கருநிற வண்ணத்துப்பூச்சிகள் இரண்டு இனங்களின் புழுக்கள் அதையே தின்று, அதன் நஞ்சைத் தம் உடலில் சேர்த்துக்கொண்டு பறவைகளிடமிருந்து தப்புகின்றன. எருக்கின் பாலையும் பொருட்படுத்தாமல் மேயும் நீலமும் மஞ்சளுமான வெட்டுக்கிளியின் குஞ்சைத் தொட்டால், நம் மீதே திரவத்தைப் பீய்ச்சும். ஒவ்வொரு செடியின் தற்காப்பையும் உடைக்கத் தெரிந்த சில இனங்கள் உண்டு என்பதால், செடி வகை கூடக் கூடப் பூச்சி வகையும் கூடுகிறது. சிறுவயதில் நாம் தீப்பெட்டியில் அடைத்து வேல இலை போட்டு வளர்த்த பொன்வண்டும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்; அதன் புழுப்பருவம் மண்ணுக்குள் வேரோடு கழிகிறது.

தேக்குத் தோப்பு முழுவதும் புழு அரித்து, நரம்பு மட்டும் மிஞ்சிய இலைகளைக் கண்டு, உடனே மருந்தடிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. மரத்தின் வளர்ச்சி குறையும் என்பது உண்மை. ஆனால் பெரும்பாலான மரங்கள் மறுபடி தளிர்த்துவிடும், மருந்தோ அந்தப் புழுவை அடக்கும் குளவியையும் சேர்த்துக் கொல்லும். இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது கோடைத் தீ. சருகு எரியும்போது மழைக்காக அதில் காத்திருந்த தலைமுறையும் எரிகிறது.

இன்னொரு கவலை, வெளிநாட்டிலிருந்து வந்து காட்டில் பரவிவிட்ட உன்னிச்செடி. ஒருமுறை என்னோடு நடந்த வனக்காவலர், மரங்களுக்கு அடியில் அடர்ந்து நின்ற அந்தப் புதரைக் காட்டி, "இதுல மட்டும் இலை எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க சார்" என்றார். அதைத் தின்று அடக்கட்டும் என்று 1941இல் வெளிநாட்டிலிருந்து ஒரு நாவாய்ப்பூச்சியைக் கொண்டுவந்தும் செடி பரவுவது நிற்கவில்லை. அவர் காட்டிய இடத்தில் துணியை விரித்துத் தட்டினோம். இரண்டு எறும்புகளும் ஒரு சிலந்தியும் விழுந்தன.